செயற்கை உறுப்பின் மேல் வளரும் எலும்புக் கனிமம்

முதுகெலும்பில் சிதைந்த டிஸ்க்கை அகற்றிய இடத்தில் 'பீக்' என்னும் பாலிமரால் ஆன சிறு கூடு பொருத்தப்படும் என்று கேட்டதும், "உடம்புக்குள் பிளாஸ்டிக்கா?" என்று குடும்பத்தினர் அஞ்சுவது இயல்பே. அவர்களுக்காகவே இவ்விளக்கத்தைத் தருகிறோம்.

'பீக்'கின் விறைப்பு, உலோகத்தைவிட எலும்பினுடையதற்கு நெருக்கமானது. எக்ஸ்ரே கதிர்களை அது மறைப்பதில்லை. ஆகவே எலும்பு கூடுவதைப் படத்தில் காணலாம். ஆயினும் எலும்பு அதன் பரப்பில் எளிதில் ஒட்டுவதில்லை; இடையே நார்த்திசு படரக்கூடும்.

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த அபடைட் வகைக் கனிமமாகும். இதனைப் பூசிய பரப்பில் எலும்பு நன்கு ஒட்டுகிறது. உலோக இடுப்பு மூட்டுகளில் இப்பூச்சை மிகுந்த வெப்பமுள்ள பிளாஸ்மாச் சுடரால் தெளிப்பதுண்டு. ஆனால் 'பீக்' ஏறத்தாழ 343 பாகை செல்சியசில் உருகும். அத்தகைய வெப்பம் அதன் பரப்பைக் கெடுக்கக்கூடும்.

ஜப்பானைச் சேர்ந்த ததாஷி கொக்குபோவும் உடன் ஆய்வாளர்களும் 1990-இல் வெப்பமின்றிப் பூசும் வழியொன்றை வெளியிட்டனர். குருதிநீரில் உள்ள உப்புகளை ஏறத்தாழ அதே அளவில் கரைத்த நீரில், உடல் வெப்பநிலையில், பாலிமரின் அருகே ஒருவகைக் கண்ணாடித் துகள்களை வைத்தனர். கண்ணாடியிலிருந்து கரைந்த சிலிக்கேட் பாலிமரில் படிந்து, அபடைட் தோன்ற வித்தாயிற்று. பின்னர்ச் செறிவு மிகுந்த கரைசலில் அது படலமாக வளர்ந்தது. உப்புநீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளை படிவதை நினைத்துக்கொள்ளலாம். உப்பு வேறு, படியும் விதம் ஏறத்தாழ ஒன்றே.

அபடைட் பூசிய 'பீக்' கூடுகள் சில இன்று பயன்பாட்டில் உள்ளன. கரைசலில் வளர்க்கும் முறை பெரும்பாலும் ஆய்வகங்களிலேயே உள்ளது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் எலும்பை ஒத்த கனிமங்கள் குறித்து ஆய்வுகள் நடைபெற்றுள்ளன.

பூச்சு எதுவாயினும், மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகள் கூட்டின் நடுத்துளை வழியே ஒன்றுகூடப் பல மாதங்கள் ஆகும். வலி தணிவது வேறு. எலும்பு கூடுவது வேறு. கூமாப்பட்டியின் வயலிலும் தென்னந்தோப்பிலும் உழைப்போர், வலி நின்றதும் உரமூட்டையோ தேங்காய்ச் சாக்கோ தூக்கிவிட வேண்டா. எலும்பு கூடாவிடில் கூடு தளர்ந்து, மறு அறுவை தேவைப்படலாம். புகைபிடித்தலும் எலும்பு கூடுவதைத் தடுக்கும்.

அறுவைக்கு முன் மூன்று கேள்விகளை மருத்துவரிடம் கேளுங்கள்: பொருத்தப்படுவது எப்பொருளால் ஆனது? அதன் மேல் பூச்சு உண்டா? எப்போது சுமை தூக்கலாம்? உறுப்பின் விவரச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். காய்ச்சல், காயத்தில் கசிவு, கால் மரத்தல், மிகும் வலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் உடனே வாருங்கள்.