வெள்ளி இரவுக்கு ஒரு கரண்டி உறை: கித்தூஷ் எப்படி இயங்குகிறது?

குண்டான் நிறையப் பால். அதற்கு விடும் உறைமோர் ஒரு கரண்டிதான். விடிந்தால் குண்டான் முழுக்கத் தயிர். யூத வீடுகளில் வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்கு முன், திராட்சரசக் கோப்பையை ஏந்திச் சொல்லும் 'கித்தூஷ்' இந்த உறையைப் போன்றது. எபிரெயத்தில் அதற்குப் 'புனிதமாக்குதல்' என்று பொருள்.

சூடு பார்த்தல்

உறை விடப் பால் பதமாக ஆறவேண்டும். இங்கே பதம் பார்ப்பது சூரியனை வைத்து. யூதர்களுக்கு நாள் அஸ்தமனத்தில் தொடங்குகிறது. ஆகவே சனிக்கிழமை ஓய்வுநாள் வெள்ளி மாலையே வந்துவிடும். அஸ்தமனத்துக்கு 18 நிமிடம் முன்பே, எருசலேமில் 40 நிமிடம் முன்பே, விளக்கேற்றிவிடுவார்கள். அதன்பின் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. சமையல் அதற்குள் முடிந்திருக்கும். ஆனாலும் கித்தூஷ் சொல்லும்வரை யாரும் வாயில் எதையும் போடுவதில்லை.

அளவு

கோப்பை குறைந்தது ஒரு 'ரெவியீத்' கொள்ளவேண்டும். அது 86 மில்லிலிட்டர் என்பது ஒரு சாராரின் கணக்கு, 150 என்பது இன்னொரு சாராரின் கணக்கு. விளிம்பு தொட நிரப்பி வலக்கையில் ஏந்துவார்கள். சொல்லி முடித்தவர் ஒரு வாய் நிறையக் குடிக்கவேண்டும். ஒரு மடக்கு சம்பிரதாயத்துக்குக் குடித்தால் போதாது.

போதை இதில் கணக்கே இல்லை, புளிக்காத திராட்சைச் சாறும் செல்லும். பழத்தைப் பிழிந்தால் யூத மரபில் அதன் தகுதி இறங்கும்: ஆரஞ்சுச் சாற்றைக் குடிக்குமுன் சொல்வது, தண்ணீருக்குச் சொல்லும் அதே பொது வாழ்த்துதான். திராட்சைக்கு மட்டும் தகுதி ஏறுகிறது. அதன் சாற்றுக்கென்றே தனி வாழ்த்து உண்டு.

உறை விடுதல்

முதலில், ஆறு நாளில் படைப்பு முடிந்து ஏழாம் நாள் ஓய்ந்ததைச் சொல்லும் ஆதியாகம வசனங்கள். அடுத்து, கொடியின் கனியைப் படைத்தவருக்கு வாழ்த்து. கடைசியில், நாளைப் புனிதமாக்கும் நீண்ட வாழ்த்து. படைப்போடு எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதையும் அது நினைவுகூர்கிறது. சொல்பவர் ஒருவரே. மற்றவர்கள் கவனித்துக் கேட்டு 'ஆமென்' என்றால் அவர்கள் கடமையும் தீர்ந்தது. குண்டானுக்கு ஒரு கரண்டி போதும் அல்லவா?

உறை விட்ட பாத்திரத்தை ஆட்டக் கூடாது, கித்தூஷும் அப்படித்தான். எங்கே சொன்னார்களோ அங்கேயே சாப்பிடவேண்டும். ஒரு வீட்டில் சொல்லிவிட்டு இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டால் அது சேராது.

வாய் வைத்த கோப்பையில் மிஞ்சியது 'பழுதுபட்டது'. அதை ஏந்தி இன்னொரு கித்தூஷ் சொல்வதில்லை. ஆனால் கொட்டவேண்டியதில்லை. வாய்படாத ரசம் கொஞ்சம் சேர்த்தால் முழுக் கோப்பையும் சரியாகிவிடும். இதுவும் உறை வேலைதான்.

மூடி வைத்த ரொட்டி

மேசையில் துணி போர்த்திய இரண்டு 'ஹல்லா' ரொட்டிகள் இருக்கும். எகிப்தை விட்டு வந்தவர்களுக்குப் பாலைவனத்தில் வெள்ளியன்று இரட்டிப்பாகக் கிடைத்த 'மன்னா' என்ற வான உணவின் நினைவு அது. மற்ற நாட்களில் வாழ்த்து முதலில் ரொட்டிக்குத்தான். இன்று ரசம் முந்துகிறது. பந்தியில் தன்னைத் தாண்டிப் பரிமாறுவதைப் பார்த்து ரொட்டி வெட்கப்படக் கூடாதாம், அதனால் இந்தப் போர்வை. கோப்பை முடிந்ததும் கைகழுவி, துணியை எடுத்து, ரொட்டியைப் பிட்டு, உப்பில் தொட்டுக்கொள்வார்கள்.

ரசம் கிடைக்காத வெள்ளியில் ரொட்டியின் மேலேயே கித்தூஷ் சொல்லலாம். கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் வேறு வழி கண்டார்கள்: உலர்திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டிய சர்பத்.

உவமை உடையும் இடம்

உறை விடாவிட்டால் பால் தயிராகாது. ஓய்வுநாளோ யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அஸ்தமனத்தோடு வந்துவிடும். அந்த நாளை நினைக்கவேண்டும் என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. மனத்துக்குள் நினைத்தால் போதாது, நாள் நுழையும்போது ரசத்தின் மேல் வாயால் சொல்லவேண்டும் என்று வகுத்தது யூதச் சட்ட நூலான தல்மூத். ஆக, கித்தூஷில் உறைவது நாள் அல்ல, மேசையைச் சுற்றி நிற்கிற மனிதர்கள்.

அந்த மேசைக்கு உங்களுக்கு அழைப்பு வந்தால் இரண்டு விஷயம். கோப்பை சுற்றி வரும்வரை ரொட்டியில் கை வைக்காதீர்கள். இறைச்சி பரிமாறினால் தயிர் கேட்காதீர்கள். பாலும் இறைச்சியும் அங்கே ஒரே பந்தியில் சேராது.