திருமுழுக்குப் பதிவேடும் சாதிச் சான்றிதழும்: ஒரு தலித் கத்தோலிக்கத் தாயின் நாளும் சட்டமும்

அரியலூர் மாவட்டத்துச் சேரி ஒன்றில் வாழும் ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். அவருக்குப் பெயர் சூட்டத் தேவையில்லை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் அவரைப் போன்றோர் பலரை நாம் அறிவோம். கணவர் சிமென்ட் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மூத்த மகள் பங்கு ஆலயத்தை ஒட்டிய அரசு உதவிபெறும் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. இரண்டாமவன் அங்கன்வாடிக்குச் செல்கிறான். கைக்குழந்தைக்கு நான்கு மாதம். எந்தப் படிவத்திலும் அவருடைய தொழில் ‘இல்லத்தரசி’ என்றே எழுதப்படுகிறது. கைக்குழந்தை நடக்கத் தொடங்கியதும் அவர் மீண்டும் வெங்காயக் காட்டுக்கோ, பருத்தி எடுக்கவோ, நூறு நாள் வேலைக்கோ போவார். ஆனாலும் அந்தச் சொல் மாறாது.

விடியுமுன் தண்ணீர் பிடிப்பது, அடுப்பு மூட்டுவது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, இடையில் பால் கொடுப்பது, மாலையில் ஜெபமாலை, ஞாயிறு திருப்பலி, அதன்பின் மகளுக்கு மறைக்கல்வி என்று அவருடைய நாள்கள் நகர்கின்றன. காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. அதன் பிறகு அவருடைய காலைப் பொழுதில் ஒரு சுமை குறைந்திருக்கிறது. இதைச் சிறிய செய்தி என்று கடந்துவிடுவோர் அநேகமாக அதிகாலையில் அடுப்பு மூட்டாதவர்களாகவே இருப்பர்.

இந்த உழைப்பைப் பற்றிச் சட்டம் பேசத் தொடங்கியிருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகின்றனர். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கும் வருமானம் கணக்கிட்டே இழப்பீடு வழங்க வேண்டும் என்பதை வலியுறுத்தியது. (உழைப்பின் விலை உழைத்தவர் இறந்த பிறகே கணக்கிடப்படுகிறது என்பது வேறு கதை.) 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் பெயரில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்பும் அடங்கியிருப்பதால் அவருக்கும் பங்குண்டு என்றது. அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் தமிழ்நாடு அரசு மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வழங்குகிறது. வருமானம், நிலம், மின் நுகர்வு ஆகியவையே அதற்கு அளவுகோல். விண்ணப்பிக்கும் பெண் எந்தத் தெய்வத்தை வணங்குகிறார் என்பது அதற்குத் தேவைப்படவில்லை.

ஆனால் அதே தாய் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு இ-சேவை மையத்தில் நிற்கும்போது, அவர் யாரை வணங்குகிறார் என்பதே முதன்மையான கேள்வியாகிவிடுகிறது.

அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை 1950இல் வெளியானது. அதன் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைச் சாராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றுவரை வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் கிறித்தவத்திற்கு மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கின்றனர். ஆகவே ஒரே தெருவில், ஒரே பாட்டன் வழியில் வந்த இரு குழந்தைகளில், ஒன்றுக்கு வட்டாட்சியர் பட்டியல் சாதிச் சான்று வழங்குகிறார். மற்றொன்றுக்கு மண்டலத் துணை வட்டாட்சியர் பிற்படுத்தப்பட்டோர் சான்று வழங்குகிறார். முதற் குழந்தைக்கு 18 விழுக்காட்டு ஒதுக்கீடு. இரண்டாம் குழந்தை, பல தலைமுறைகளாக நிலமும் கல்வியும் பெற்ற சாதியினரும் அடங்கிய 26.5 விழுக்காட்டில் போட்டியிட வேண்டும்.

இந்தப் பிரிவினையைச் சட்டம் எவ்வாறு நியாயப்படுத்துகிறது? இதற்குச் சூசை வழக்கைப் படிக்க வேண்டும். சூசை சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடராய்ப் பிறந்து கிறித்தவரானவர். அத்தகைய தொழிலாளருக்கு அரசு இலவசமாகக் கடைப்பெட்டிகளை வழங்கியபோது, கிறித்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. 1985 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. சாதி மதமாற்றத்தோடு முடிந்துவிடுகிறது என்று நீதிமன்றம் கூறவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். புதிய சமயத்திலும் சாதி தொடர்கிறது என்பது மட்டும் போதாது. அதன் கொடுமை முன்பிருந்த அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும். அதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

அந்தச் சான்று எங்கே இருக்கிறது? நம் தாயின் நாளுக்குள் இருக்கிறது என்பதே என் வாதம். வீடு எந்தத் தெருவில் இருக்கிறது. குழாயடியில் யார் முதலில் குடம் வைக்கிறார். திருவிழாவில் சப்பரம் எந்தத் தெருவரை வந்து திரும்புகிறது. மகளின் பள்ளித் தோழி வீட்டுத் திண்ணைவரை வந்து ஏன் உள்ளே வர மறுக்கிறாள். வீட்டில் ஒருவர் இறந்தால் எந்தக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டப்படுகிறது. இவற்றுக்கு எந்த அலுவலகத்திலும் பதிவேடு இல்லை.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் கும்பகோணம் மறைமாவட்டத்தில் அடங்குபவை. அதே மறைமாவட்டத்தைச் சேர்ந்த, திருச்சி மாவட்டக் கொட்டப்பாளையம் பங்கின் தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் வழக்கை உச்ச நீதிமன்றம்வரை கொண்டு சென்றுள்ளனர். பங்கு நிர்வாகம், திருவிழா, இறுதிச் சடங்கு, கல்லறை ஆகியவற்றில் தாங்கள் ஒதுக்கப்படுவதாக அவர்கள் முறையிட்டனர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நிவாரணம் கிடைக்காத நிலையில், 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய மனுமீது அறிவிக்கை அனுப்பியது. சாதி திருச்சபைக்குள் இருக்கிறது என்பதைத் திருச்சபையும் மறுக்கவில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று கூறி, தீண்டாமை தொடர்வதை ஒப்புக்கொண்டது. ஒப்புதல் வாக்குமூலம் போல் வலிமையான சான்று வேறில்லை என்று குற்றவியல் வழக்கறிஞர்கள் சொல்வதுண்டு. இந்த வாக்குமூலம் ஏனோ ஒரு தாயின் மகளுக்கும் இதுவரை சான்றிதழ் பெற்றுத் தரவில்லை.

சாதிக்குப் பதிவேடு இல்லை. ஆனால் சமயத்திற்கு இருக்கிறது. புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1990இல் பிறந்தவர் அவர். தந்தை வள்ளுவர் சாதி என்றும் தாய் கிறித்தவர் என்றும் வழக்கில் கூறப்பட்டது. எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்டபோது, தாம் இந்துவாகவே வாழ்வதாகக் கூறினார். பிறந்த சில வாரங்களில், 1991 ஜனவரியில், வில்லியனூர் லூர்து அன்னை ஆலயத்தில் அவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டிருந்தது. ஆலயப் பதிவேடும் அவர் கோவிலுக்குச் செல்லும் வழக்கமும் அவருக்கு எதிரான சான்றாயின. இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது நீதிமன்றம்.

கைக்குழந்தையாக இருந்தபோது ஒருவர்மீது ஊற்றப்பட்ட நீர், கால் நூற்றாண்டு கழித்து அவருடைய வேலைவாய்ப்புக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. நம் தாய் நான்கு மாதக் குழந்தையைக் கையில் ஏந்தித் திருமுழுக்குத் தொட்டியருகே நிற்கும்போது, அவரையறியாமல் ஓர் ஆவணத்தை உருவாக்குகிறார். மாமியார் அன்னை மரியாளுக்கு நேர்ந்துகொண்டிருப்பார். ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை கோவில் பக்கத்திலேயே இருக்கிறது. வீரமாமுனிவர் வாழ்ந்த காலம் தொட்டு வழிவழியாய் வருகிற பக்தி அது. குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது, திருமுழுக்குக் கொடுப்பதா, பள்ளிப் படிவத்தில் மதம் என்னும் இடத்தில் எதை எழுதுவது என்னும் கேள்விகள் மற்ற வீடுகளில் மகிழ்ச்சியான பேச்சு. இந்த வீட்டில் அவை சட்ட முடிவுகள். அவற்றை எடுப்பவரும், பின்னாளில் அவற்றுக்காகப் பிள்ளைகளிடம் பதில் சொல்பவரும் பெரும்பாலும் தாய்தான்.

அதனால்தான் பல வீடுகளில் ஆலயத்தில் ஒரு பெயரும் பள்ளியில் ஒரு பெயருமாக இரட்டை வாழ்க்கை நடக்கிறது. ஒரே குடும்பத்தில் கணவரிடம் இந்துப் பறையர் சான்றும் மனைவியிடம் கிறித்தவச் சான்றும் இருக்கக் காண்கிறோம். இவ்வாறு வாழ்வோரை ஏமாற்றுக்காரர் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் வழக்கறிஞராக ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2017இல் ஜகதீஷ் பாலாராம் பஹிரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பொய்யானதென்று கண்டறியப்பட்ட சான்றால் பெற்ற வேலையையோ பட்டத்தையோ நெடுங்காலம் கடந்தது என்பதற்காகக் காப்பாற்ற இயலாது என்று தீர்மானித்தது. இருபது ஆண்டு பணி ஒரே ஆணையில் போய்விடும்.

‘தாய்மதம் திரும்பிவிட்டால் என்ன?’ என்று கேட்போருக்கு 2015ஆம் ஆண்டு கே.பி. மனு தீர்ப்பு வழியைக் காட்டுகிறது. முன்னோர் பட்டியல் சாதியினர் என்பதற்கும், மீண்டும் இந்துவானதற்கும், அச்சாதியினர் ஏற்றுக்கொண்டதற்கும் ஆதாரம் வேண்டும். இங்கே அரசு கேட்பதென்ன? உரிமை வேண்டுமானால் மாலையில் பிள்ளைகளோடு சொல்லும் செபத்தை விட்டுவிடு என்று ஒரு தாயிடம் கேட்கிறது. உறுப்பு 25 வழங்கும் மனச்சான்றுச் சுதந்திரத்திற்கு இவ்வளவு பெரிய விலை வேறு எந்தச் சாதியினரிடமும் வசூலிக்கப்படுவதில்லை.

இடஒதுக்கீட்டோடு இது முடிவதில்லை. குழாயடியில் சாதிப் பெயர் சொல்லித் திட்டப்படும் இந்துத் தலித் பெண் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார் அளிக்கலாம். அதே வசவை அதே வாயிலிருந்து கேட்கும் கத்தோலிக்கத் தலித் பெண்ணுக்கு அச்சட்டம் கிடையாது. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு போதகரின் வழக்கில் இதையே உறுதிசெய்தது. திட்டுபவர் சமயம் பார்த்துத் திட்டுவதில்லை. தேர்தலிலும் இதே நிலைதான். பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் ஆகியவை அடங்கிய சிதம்பரம் மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதி. நம் தாய் இவற்றில் வாக்களிக்கலாம்; வேட்பாளராக முடியாது.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2004இல் தொடுக்கப்பட்ட ரிட் மனு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைத்தது. அதன் காலம் நீட்டிக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை, தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் தில்லிக்குப் போனது; தாய் இ-சேவை மையத்துக்குப் போனார்.

இடைப்பட்ட காலத்தில் செய்யக்கூடியவை உண்டு. தமிழ்நாடு அரசு ஒதுக்கீட்டில் இவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் என்று சொன்னாலும், ஆதிதிராவிடர் நலத்துறையின் விடுதிகளிலும் மாநிலக் கல்வி உதவித்தொகையிலும் ‘கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்’ என்று இடமளிக்கிறது. விண்ணப்பங்களில் வரும் எஸ்.சி.சி. என்னும் மூன்றெழுத்து அதுவே. கல்லூரி அலுவலகங்களில் இதைச் சொல்லாமல் திருப்பியனுப்புவது அடிக்கடி நடக்கிறது. மாணவர்கள் அந்த மூன்றெழுத்தைக் கேட்டு வாங்க வேண்டும். களத்தில் இருப்போருக்கு வேறொரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் எந்தக் கல்லறை யாருக்கு, சப்பரம் எங்கே திரும்புகிறது, பங்குப் பேரவையில் யார் அமர்கிறார் என்பவற்றைத் தேதியோடும் ஒளிப்படத்தோடும் எழுதிவைத்து, ஆணையத்திடமும் நீதிமன்றத்திடமும் வாக்குமூலமாக அளிக்க வேண்டும். அவற்றைச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த வீடுகளில் இருக்கும் தாய்மார்கள். அவர்களிடம் போக ஏற்ற நேரம் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல். அப்போதுதான் கைக்குழந்தை தூங்கும்.