திட்டத்துக்குப் பேரு மாறுது, நம்ம கொட்டாய்க்கு என்ன கிடைக்குது?



ஊர்களைப் புதுப்பிக்க அரசு பல திட்டங்களைப் பல பெயர்களில் கொண்டுவருகிறது. பேரைவிட, பணம் எப்படிப் பிரிகிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

2006-ல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளுக்கும் தலா 20 லட்சம் ரூபாய். நூலகம், விளையாட்டுத் திடல், குளம், மயானம் என்று வேலைகள் நடந்தன. ஆனால் 3 குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் 20 லட்சம், 15 உள்ள ஊராட்சிக்கும் அதே 20 லட்சம்தான்! நம்ம சேலம், நாமக்கல் பக்கம் காட்டுக்கொட்டாய்கள் தள்ளித் தள்ளி இருக்குது. பணம் தாய்க்கிராமத்தோடு நின்னுட்டா, கொட்டாயில் இருக்கிறவங்களுக்கு என்ன மிஞ்சும்?

2011-ல் வந்த ‘தாய்’ திட்டம் இந்தக் கணக்கை மாற்றியது. குக்கிராமங்களின் எண்ணிக்கையைப் பார்த்து நிதி ஒதுக்கினார்கள். குடிநீர், தெருவிளக்கு, இணைப்புச் சாலை போன்றவை முதலில் வந்தன. பிறகு 2021-22-ல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் இரண்டாம் கட்டமாக மீண்டும் வந்தது.

எந்தப் பேரில் திட்டம் வந்தாலும், கேட்க வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது.

அதற்கு முன்பே குழுக் கூட்டத்தில் பேசுங்கள். எந்தக் கொட்டாய்க்கு ரோடு இல்லை, எங்கே விளக்கு எரியலை என்று எழுதிக்கொள்ளுங்கள். சபையில் எழுந்து கேளுங்கள். கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். கடைசிக் கொட்டாய்க்கும் தண்ணி வந்தால்தான் ஊர் மலர்ந்தது என்று அர்த்தம்!