மிதித்தவுடன் தயங்கும் பழைய ஜீப்

திமிரியில் எனக்கு அறிமுகமான பட்டாதாரர் ஒருவரிடம் பழைய விலிஸ் ஜீப் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செய்யப்பட்ட மாதிரி. நின்றவிடத்தில் எந்திரம் சீராக ஓடும். கியரைப் போட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினாலோ, மூச்சடைத்தாற்போல் ஒரு கணம் தயங்கி, கார்புரேட்டர் வழியே இருமி, அதன் பின்பே பாயும். சென்ற மாதம் வயல் வழியிலிருந்து ஆரணி சாலையில் ஏறுகையில், வந்துகொண்டிருந்த லாரிக்கு முன்னால் இத்தயக்கம் நேர்ந்தது. நானும் அவ்வண்டியில் இருந்தேன். லாரி ஓட்டியின் சாமர்த்தியத்தால் பிழைத்தோம்.

மெக்கானிக் ஒருவர் கார்புரேட்டரையே மாற்றவேண்டுமெனக் கூறிப் பெருந்தொகை கேட்டிருந்தார். பயிர் மஞ்சளித்ததும் காரணம் பாராமல் யூரியாவை வாரி இறைப்பது போன்றதே இது. முதலில் நோயைக் கண்டறிவோம்.

ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் காற்று உடனே உள்ளே பாய்கிறது. பெட்ரோல் காற்றினும் கனமானதாதலால் பின்தங்குகிறது. அந்தக் கணத்தில் எந்திரத்துக்குக் கிட்டுவது பெட்ரோல் குறைந்த வெறுங் கலவை. இக்குறையை நிரப்பவே, மேற்படி ஜீப்பின் கார்ட்டர் கார்புரேட்டரில் சிறு பம்பு ஒன்று அமைந்துள்ளது. மிதிக்குந்தோறும் அது ஒரு பீச்சு பெட்ரோலைக் காற்று வழியில் தெளிக்கும்.

ஆகவே சோதனை எளிது. எந்திரத்தை நிறுத்தி, சூடு ஆறியபின், காற்று வடிகட்டியின் குழாயைக் கழற்றுக. அருகில் பீடி முதலிய நெருப்பு கூடவே கூடாது. கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்துக்கொண்டே திராட்டில் நெம்புகோலை விரைந்து திருப்புக. அசைத்த அக்கணமே கம்பிபோல் பெட்ரோல் பீச்சியடிக்க வேண்டும். சொட்டினாலும், தாமதித்தாலும், ஒன்றுமே வராவிடினும் பம்பில்தான் குறை. நண்பரின் வண்டியில் ஒரு துளியும் வரவில்லை.

பம்பைக் கழற்றினோம். அதன் தண்டின் அடியில் தோலாலான சிறு கிண்ணம் ஒன்று இருந்தது. அது காய்ந்து சுருங்கி, உருளையின் சுவரைத் தொடாமல் நின்றது. பெட்ரோலை மேலே தள்ளுவதற்கு மாறாகப் பக்கவாட்டில் ஒழுகவிட்டது. தோல் பதனிடும் இராணிப்பேட்டையும் ஆம்பூரும் நமக்கு அண்மையில் இருக்க, இக்காரணம் எவருக்கும் தோன்றாதது விந்தையே! கவலை இறைத்த காலத்து முதியோர் நன்கறிவர்: சாலின் தோலை நாட்கணக்கில் வெயிலில் போட்டுவிட்டால் விறைத்து வெடிக்கும். அறுவடைக்குப் பின் மூன்று மாதம் கொட்டகையில் கிடந்த ஜீப்பின் தோலுக்கும் அதே கதிதான்.

தோலை மெல்லிய எந்திர எண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து, விளிம்பை விரலால் மெதுவே விரித்து, மடங்காதவாறு உருளையில் இறக்கினோம். அடியிலுள்ள வால்விலும் பீச்சுத் துளையிலும் படிந்திருந்த அழுக்கை அகற்றினோம். தோல் வெடித்திருப்பின் புதியது போடுவதே முறை. நைட்ரைல் ரப்பர்க் கிண்ணமும் பொருந்தும்.

பீச்சு நன்றாக வந்தும் தயக்கம் நீங்காவிடில் வேறிடத்தில் தேடவேண்டும். சோக்கைச் சிறிது இழுத்து ஓட்டிப் பார்க்கலாம். தயக்கம் குறைந்தால் கலவை வெறிச்சென்று இருப்பது உறுதி. அப்போது கார்புரேட்டர் அடியிலுள்ள கேஸ்கெட்டில் காற்றுக் கசிவையும், மிதவையின் மட்டத்தையும் பார்க்க. சோக்கினால் மாறுதல் இல்லையாயின் பாயிண்டின் இடைவெளி அங்குலத்தில் 0.020, பிளக்கின் இடைவெளி 0.030 உள்ளனவா என அளக்க. முதற்கணத்தில் நன்றாகப் பாய்ந்து, மேட்டில் ஏறும்போது மட்டும் சோர்வது வேறு நோய். அது பெரும்பாலும் டாங்கின் அழுக்கு அல்லது பெட்ரோல் பம்பின் தளர்ச்சி.

கரும்பு பயிரிடுவோர்க்கு ஒரு வார்த்தை. இக்காலத்துப் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்குவரை எத்தனால் கலக்கப்படுகிறது. நம் கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் அது கிடைப்பது நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் எத்தனால் நீரை ஈர்க்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். தன்னுள் பிராணவாயு உடையதாதலால் கலவையையும் சற்று வெறுமையாக்கும். இக்கலவைக்கென அமைக்கப்படாத பழைய வண்டியில் சிறு தயக்கமும் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

வண்டியை நெடுநாள் நிறுத்துவோர், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை எந்திரத்தை ஓட்டி, ஆக்சிலரேட்டரை நாலைந்து தடவை மிதித்துவிட்டால் தோல் ஈரமாகவே இருக்கும். நண்பரின் ஜீப் இப்போது மிதித்தவுடன் பாய்கிறது. செலவு எண்ணெய்க்கும் ஒரு கேஸ்கெட்டுக்கும் மட்டுமே.