ரேஸ் கார் சேஸிஸ் டிசைன்: கம்ப்யூட்டர் தவறான விடை தருகிறதா?

வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் மகனோ மகளோ இருந்தால், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் பாட்டும் படமும் மட்டும் ஓடுவதில்லை. மாணவர்கள் தாங்களே ரேஸ் கார் வடிவமைத்து ஓட்டும் பார்முலா எஸ்.ஏ.இ. போட்டி அமெரிக்காவில் 1981ல் தொடங்கியது. அதே வகையைச் சேர்ந்த பார்முலா பாரத் போட்டி கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பல ஆண்டுகள் நடந்துள்ளது. இதில் கலந்துகொள்ளும் மாணவர்கள் காரின் எலும்புக்கூடான சேஸிஸ் பிரேமை முதலில் கம்ப்யூட்டரில் வரைந்து, அது எவ்வளவு பலம் தாங்கும் என்று சோதித்துப் பார்க்கின்றனர். இந்தச் சோதனைக்குப் பெயர் பைனைட் எலிமென்ட் அனாலிசிஸ்.

இதற்கான சாப்ட்வேரை இயக்குவது எளிது. ஆனால் முதல் முறை ரன் செய்யும்போது எரர் வரும். அல்லது நம்ப முடியாத விடை வரும். எரர் வந்தால் கூடப் பரவாயில்லை. தவறான விடை அழகான வண்ணப் படமாக வந்து நிற்பதுதான் ஆபத்து. அந்தப் பிரேமுக்குள் ஒருவர் உட்கார்ந்து ஓட்டப் போகிறார் அல்லவா! எனவே பிழைகளைக் கண்டுபிடிக்கும் வழிகளை இங்கு பார்க்கலாம்.

இது எப்படிச் செயல்படுகிறது?

பெரிய பொருளைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஓர் எலிமென்ட். துண்டுகள் சந்திக்கும் புள்ளி நோட். ஒவ்வொரு துண்டும் எவ்வளவு வளையும் என்பது சுலபமான கணக்கு. எல்லாத் துண்டுகளின் கணக்கையும் சேர்த்து ஆயிரக்கணக்கான சமன்பாடுகளாக்கி கம்ப்யூட்டர் தீர்க்கிறது. விமான இறக்கையின் பலத்தைக் கணக்கிட டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வர் 1956ல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடித்தளம். பைனைட் எலிமென்ட் என்ற பெயரை 1960ல் வைத்தவர் ரே கிளஃப்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் பழக ப்ரீகேட் என்ற இலவச சாப்ட்வேர் போதும். அதில் உள்ள பெம் பகுதி, கால்குலிக்ஸ் என்ற இன்னொரு இலவச சாப்ட்வேரைக் கொண்டு கணக்கைத் தீர்க்கிறது.

பிழை 1: கம்ப்யூட்டர் உறைந்து போகிறது

ரன் கொடுத்தவுடன் மெமரி போதவில்லை என்று செய்தி வருகிறதா? கம்ப்யூட்டரைக் குறை சொல்ல வேண்டாம். குழாயின் சுவரைக் கனப் பொருளாக அப்படியே துண்டு போட்டிருப்பீர்கள். 25.4 மி.மீ. விட்டமும் 1.65 மி.மீ. சுவர்த் தடிமனும் கொண்ட குழாய் மொத்தம் 30 மீட்டர் இருப்பதாகக் கொள்வோம். 1.65 மி.மீ. அளவில் துண்டு போட்டால், சுவரில் ஒரே அடுக்குக்கே சுமார் எட்டு லட்சம் துண்டுகள் வரும்.

இதற்கு மாற்று, பீம் எலிமென்ட். ஒவ்வொரு குழாயையும் ஒரு கோடாக மட்டும் வரைந்து, விட்டத்தையும் தடிமனையும் எண்ணாகக் கொடுத்துவிட வேண்டும். 50 மி.மீ.க்கு ஒரு துண்டு என்றாலும் 600 எலிமென்ட்தான். சாதாரண கம்ப்யூட்டரே விரைவில் முடித்துவிடும். முதலில் இப்படி முழு பிரேமையும் பார்த்துவிட்டு, சந்தேகப்படும் இணைப்பை மட்டும் தனியே கனப் பொருளாகச் சோதிக்கவும்.

ஒரு எச்சரிக்கை. பீமுக்குப் பதில் ட்ரஸ் எலிமென்டைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டாம். ட்ரஸ் இழுப்பையும் அழுத்தத்தையும் மட்டுமே தாங்கும், வளைவைத் தாங்காது. குறுக்குக் குழாய் இல்லாத நாற்கரம் அதில் கதவுக் கீல் போல மடிந்துவிடும்.

பிழை 2: சிங்குலர் மேட்ரிக்ஸ் என்ற எரர்

பிரேமை எங்கும் பிடித்து வைக்கவில்லை என்று இதற்குப் பொருள். காற்றில் மிதக்கும் பொருளைத் தள்ளினால் அது போய்க்கொண்டே இருக்கும். சில சாப்ட்வேர் எரர் காட்டாமல், பிரேம் பல கிலோமீட்டர் நகர்ந்ததாக விடை தரும்.

பிடித்து வைத்த பிறகும் எரர் வந்தால், குழாய்கள் ஒன்றோடொன்று சேரவில்லை என்று கொள்ளலாம். திரையில் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரியும். உள்ளே இரு கோடுகளின் முனைகளும் வெவ்வேறு நோட்களாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி இருக்கிறது. எந்தப் பிடிப்பும், சுமையும் இல்லாமல் அதிர்வெண் கணக்கிடும் அனாலிசிசை ரன் செய்யவும். முதல் ஆறு அதிர்வெண்கள் ஏறக்குறைய பூஜ்யமாக வர வேண்டும். மூன்று திசைகளில் நகர்வு, மூன்று திசைகளில் சுழற்சி, ஆக ஆறு. ஏழாவதும் பூஜ்யம் என்றால் எங்கோ ஒரு குழாய் தனியே ஆடுகிறது. அந்த அதிர்வின் படத்தைத் திறந்தால் எது என்று தெரிந்துவிடும்.

பிழை 3: விடை ஆயிரம் மடங்கு மாறுகிறது

இது அலகு செய்யும் குளறுபடி. நீளம் மில்லிமீட்டரிலும் சுமை நியூட்டனிலும் இருந்தால், ஸ்டீலின் மீள்தன்மை எண் 2,00,000 மெகாபாஸ்கல் என்று இருக்க வேண்டும். அதையே 200 கிகாபாஸ்கல் என்று படித்துவிட்டு வெறும் 200 என்று டைப் செய்தால் கதை முடிந்தது.

சோதித்துப் பார்க்க ஒரே ஒரு குழாய் போதும். மேலே சொன்ன குழாயில் 500 மி.மீ. நீளம் எடுத்து, ஒரு முனையை இறுக்கிப் பிடித்து, மறு முனையில் 100 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 10 கிலோ எடையைத் தொங்கவிடவும். கையால் கணக்கிட்டால் முனை 2.39 மி.மீ. இறங்க வேண்டும், அதிகபட்ச ஸ்ட்ரெஸ் சுமார் 73 மெகாபாஸ்கல். கம்ப்யூட்டரும் இதற்கு மிக அருகில் சொன்னால் அலகு சரி. 2.39 மீட்டர் என்று சொன்னால் எண்ணைத் திருத்தவும்.

எடையையும் பார்க்கவும். இந்தக் குழாய் ஒரு மீட்டருக்கு 0.97 கிலோ. 30 மீட்டர் பிரேம் 29 கிலோ. சாப்ட்வேர் 29,000 காட்டினால் அடர்த்தியில் தவறு.

பிழை 4: பிரேம் நொறுங்கியது போலத் தெரிகிறது

பயப்பட வேண்டாம். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக சாப்ட்வேர் வளைவைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஸ்கேல் அளவை 1 என மாற்றினால் உண்மை உருவம் தெரியும். படத்தைப் பார்ப்பதைவிட எண்ணைப் படிப்பதே பாதுகாப்பு.

பிழை 5: பிரேம் அளவுக்கு மீறி உறுதி

சேஸிசுக்கு முக்கியமான சோதனை முறுக்குச் சோதனை. வளைவில் திரும்பும்போது பிரேம் ஈரத் துணி போல முறுக்கிக்கொண்டால் கார் சொன்னபடி கேட்காது. பலர் பின்பகுதியின் எல்லா நோட்களையும் இறுக்கிப் பிடித்துவிடுவார்கள். அப்போது பின்பகுதி முறுக்கவே முடியாது. விடை பொய்யாக உயரும்.

சரியான முறை இது. சஸ்பென்ஷன் இணையும் இடங்களில், முன் இடது பக்கம் மேலே 1000 நியூட்டன், முன் வலது கீழே 1000, பின்பக்கம் இதற்கு நேர் எதிராகக் கொடுக்கவும். ஒரே கோட்டில் இல்லாத மூன்று நோட்களில், ஒன்றை மூன்று திசையிலும், அடுத்ததை இரு திசையிலும், மூன்றாவதை ஒரு திசையிலும் மட்டும் பிடிக்கவும். முன், பின் அகலங்கள் சமமாக இருந்தால் சுமைகள் தாமே சமன்படும். எனவே பிடித்த இடங்களில் எதிர்விசை பூஜ்யமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ சுமை தவறு.

அகலம் 500 மி.மீ. எனில் முறுக்கு விசை 500 நியூட்டன் மீட்டர். பின்பகுதியுடன் ஒப்பிட, முன் இடது 2 மி.மீ. ஏறி, வலது 2 மி.மீ. இறங்கினால் கோணம் 0.46 டிகிரி. வகுத்தால் ஒரு டிகிரிக்கு சுமார் 1090 நியூட்டன் மீட்டர்.

பிழை 6: ஒரே புள்ளியில் சிவப்பு

கனப் பொருளாகச் சோதிக்கும்போது, பிடித்து வைத்த இடத்திலோ கூர்மையான உள்மூலையிலோ ஒரு புள்ளி மட்டும் சிவக்கும். துண்டுகளைப் பாதி அளவாக்கி மீண்டும் ரன் செய்யவும். மற்ற இடங்களில் விடை சில சதவீதமே மாறினால் அதை நம்பலாம். அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனால் அது கணக்கு முறையின் குறை. மூலையை உண்மையில் உள்ளது போல வளைவாக வரையவும்.

கடைசியாக ஒன்று

எல்லாம் சரியாக வந்து, அதிகபட்ச ஸ்ட்ரெஸ் 250 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். பார்முலா எஸ்.ஏ.இ. விதிகள் ஸ்டீலின் தாங்கும் எல்லையை 305 மெகாபாஸ்கல் என்று கொள்ளச் சொல்கின்றன. தப்பித்தோம் என்று நினைப்பீர்கள். ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் அதே விதி 180 மட்டுமே அனுமதிக்கிறது. பிரேமில் அதிக ஸ்ட்ரெஸ் வருவது பெரும்பாலும் குழாய்கள் சேரும் இடத்தில்தான், வெல்டிங்கும் அங்குதான். சாப்ட்வேருக்கு வெல்டிங் தெரியாது. பச்சை நிறம் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

எனவே ஒவ்வொரு ரன்னுக்குப் பின்னும் எடை, எதிர்விசைகளின் கூட்டுத்தொகை, ஒற்றைக் குழாய்க் கணக்கு, வெல்டிங் எல்லை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சரிபார்த்திடுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும். இந்த நான்கும் ஒத்துவந்த பிறகு குழாய் வெட்டத் தொடங்கலாம்.