தோள் மாற்றும் பொறி

திருவிழாவில் சுவாமி புறப்பாட்டைப் பார்த்திருப்பீர்கள். பல்லக்கைத் தாங்குவோர் நடை நில்லாமலே ஆள் மாற்றிக்கொள்வர். புதியவர் ஏற்குமுன் பழையவர் விட்டுவிட்டால் பல்லக்குச் சரியும். பிடி நழுவி நழுவிப் பற்றினால் தோள் புண்ணாகும். மோட்டார்க் காரின் தானியங்கிக் கியர்ப் பெட்டிக்குள் நிகழ்வதும் இத்தகைய தோள் மாற்றமே.

ஓல்ட்ஸ்மொபில் நிறுவனத்தின் 1940-ஆம் ஆண்டுக் கார்களில் இடம்பெற்ற ஹைட்ரமாட்டிக், பெருவாரியாகச் செய்யப்பெற்ற முதல் முழுத் தானியங்கிக் கியர்ப் பெட்டியாகும். அதன் வழித்தோன்றலாக 1964-இல் வந்த டர்போ ஹைட்ரமாட்டிக் 400 என்பதை எடுத்துக்கொள்வோம்.

கியர் எப்போது மாறவேண்டும் என்பதை எண்ணெயின் இரண்டு அழுத்தங்கள் வழக்காடித் தீர்மானிக்கின்றன. வண்டியின் வேகத்திற்கேற்பச் சுழலும் கவர்னர், வேகம் மிகும்போது, "மாற்று" என்று ஒரு வால்வைத் தள்ளும். எதிர்ப்புறத்தில் மாடுலேட்டர், "சற்றுப் பொறு" என்று தடுக்கும். மாடுலேட்டர் ஒரு சிறிய டப்பா; அதனுள் சுருள்வில்லும் மெல்லிய சவ்வும் உண்டு. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியிலிருந்து ஒரு ரப்பர்க் குழல் அதனோடு இணைகிறது. ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தால் அக்குழலில் உறிஞ்சும் விசை மிகுந்து வில்லை அடக்கும். கியர் விரைவில், மென்மையாக மாறும். அழுத்தி மிதித்தால் அவ்விசை குன்றி, வில்லின் கை ஓங்கும். கியர் தாமதித்து, உறுதியாக மாறும். பாரம் மிகும்போது பிடியும் இறுகுவது முறைதானே?

சில மாடுலேட்டர்களில் அவ்வில்லை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு உண்டு. கியர் மாறுவதே தெரியலாகாது என்ற ஆசையால், ஒருமுறை நான் அதனைப் பல சுற்றுத் தளர்த்திவிட்டேன். வண்டி பட்டுப்போல் ஓடியது. சில மாதங்களில் சிவந்த எண்ணெய் கறுத்து, கருகல் நாற்றம் வீசியது. பிரித்துப் பார்த்தால் கிளட்ச் தகடுகள் தீய்ந்திருந்தன. அழுத்தம் போதாமையால் அவை உடனே பற்றாமல், ஒவ்வொரு முறையும் நெடுநேரம் உரசிச் சூடேறியிருக்கின்றன. நான் சுகம் என்று கருதியது அந்த உரசலையே!

அளவுக்கு மீறி இறுக்குவதும் தவறு. கியர் காலம் கடந்து மாறும், பெட்ரோல் வீணாகும், ஒவ்வொரு மாற்றமும் உதைபோல் விழுந்து உறுப்புகளை உலுக்கும்.

ஆகவே, திருகில் கை வைக்குமுன் எண்ணெயின் அளவைப் பாருங்கள். குழலில் வெடிப்பு உண்டா என ஆராயுங்கள். குழலில் காற்றுப் புகுந்தாலே கியர் தாமதித்து முரட்டுத்தனமாக மாறும். சவ்வு கிழிந்தால், எஞ்சின் கியர் எண்ணெயைக் குடித்து வெண்புகை கக்கும். இவற்றுக்குத் திருகு மருந்தாகாது. பின்னரும் தேவையாயின், அழுத்தமானியைப் பொருத்தி, ஒரு சுற்றுத் திருகி, வண்டியை ஓட்டிப் பார்த்த பின்னரே அடுத்த சுற்றுக்குச் செல்லவேண்டும்.

இன்றைய கார்களில் இவ்வழக்கைக் கணிப்பொறி தீர்க்கிறது. ஆயினும் பாரத்திற்கேற்ற பிடி வேண்டும் என்னும் விதி மாறவில்லை.