எழுத்து எங்கே போயிற்று?

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நம்மவர் பலர் வைத்திருக்கும் மடிக்கணினி, அண்ணனோ அக்காளோ முன்னர் ஆண்டதாக இருக்கும். அன்றேல் லேமிங்டன் சாலையில் பழையதாய் விலைக்கு வாங்கியதாக இருக்கும். அத்தகைய பொறிகள் பலவற்றில் ஓடும் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. ஆகவே விண்டோஸ் 11-க்கு மாறும் வேலை நம் தலைமேல் வந்து நிற்கிறது.

வழியில் வரும் பொதுத் தடைகளை முதலில் விரைந்து சொல்லிவிடுகிறேன். ‘உங்கள் பொறி தகுதியற்றது’ என்ற அறிவிப்பைக் கண்டதும் மனம் தளர வேண்டா. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு உள்ளே இருந்தும் பயாஸ் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கலாம். அதைத் தொடுமுன் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்க. பொறி அதைக் கேட்கும்போது தேடக் கூடாது. செயலியே பழையதாயின் வேறு வழியில்லை; உபுண்டு போன்ற லினக்சை நாடலாம்.

பாதியில் நின்றுபோய், 80070070 என முடியும் பிழையெண் தோன்றினால் வட்டில் இடமில்லை என்று பொருள். 1900101 என்ற இலக்கங்கள் வந்தால் பெரும்பாலும் இயக்கிக் கோளாறு. பதிவிறக்கமோ பல ஜிபி. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தை நம்பி இறங்குவது வீண். மாறிய பின் ஒலியோ வைஃபையோ ஒத்துழையாவிடில், பத்து நாட்களுக்குள் பழைய தளத்திற்கே திரும்ப அமைப்புகளில் வழியுண்டு.

இனி நம் வீட்டுச் சிக்கலுக்கு வருவோம். மராத்தி நண்பர்களுக்கும் இதே தொல்லை உண்டு என்பது ஓர் ஆறுதல்! புதிய தளத்தில் பழைய தமிழ்க் கட்டுரையைத் திறக்கிறோம். ‘தமிழ்’ என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. கோப்பு கெட்டது என்றெண்ணி அழித்தவர் உண்டு. ஆனால் கோப்பு கெடவேயில்லை.

காரணம் யாது? கணிப்பொறி எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கிலத்தின் ‘ஜே’க்கு உரிய 106 என்ற எண்ணைக் கடன் வாங்கி, அதன்மேல் ‘த’ என்ற வடிவத்தைப் போர்த்தின. போர்வை போனால் உள்ளிருக்கும் ஆங்கிலம் தெரியும், அவ்வளவே. யூனிகோடிலோ ‘த’வுக்கென்றே 2980 என்ற தனி எண் உண்டு. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டின் பயனாய் டாம், டாப் குறியீடுகள் வந்தன. யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முன் எழுதப்பட்ட மன்ற மலர்களும் ஆய்வேடுகளும் எந்தக் குறியீட்டில் உறங்குகின்றனவோ!

இயங்குதளத்தை இருந்ததன்மேலேயே உயர்த்தினால் எழுத்துருக்கள் பெரும்பாலும் தப்பிவிடும். கடைக்காரரிடம் கொடுத்து, அவர் வட்டைத் துடைத்துப் புதிதாய் நிறுவினால்தான் அவையும் போய்விடுகின்றன. ஆதலின் கொடுக்குமுன், உங்கள் கோப்புகளோடு விண்டோஸின் ‘ஃபான்ட்ஸ்’ அடைவையும் வெளி வட்டில் நகலெடுங்கள். இதை எவரும் சொல்லித் தருவதில்லை.

எழுத்துருவை மீண்டும் நிறுவியதும் தமிழ் தோன்றும். அதோடு நில்லாது, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிடுக. இடையிடையே கலந்துள்ள ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழாக எண்ணிக் குழப்பும். எனவே மூலத்தை அருகில் வைத்து ஒருமுறை படித்துத் திருத்த வேண்டும்.

லதா எழுத்துருவில் அடித்தவர்க்கு இவ்வளவு பாடில்லை. விண்டோஸ் 2000-உடன் வந்த அது யூனிகோடு எழுத்துரு; அது இல்லாவிடினும் நிர்மலா என்னும் எழுத்துரு அவ்விடத்தில் நின்று தமிழைக் காட்டும். பக்க அமைப்பு மட்டும் சற்றுக் குலையும். அமைப்புகளில் உள்ள விருப்பக் கூறுகளிலிருந்து தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் லதா திரும்பி வந்துவிடும்.